களப்புச் சேத்தில ஈயம், செப்பு எப்ப ஏறினது எண்டு பாக்கிறது எப்பிடி? (புதுசா தொடங்கிற ஆக்களுக்கு)

ஒரு பிடி சேத்தை அள்ளிக்கொண்டுபோய் லாப்ல குடுத்து, ஈயம் 30 பிபிஎம் (பத்து லட்சத்தில 30 பங்கு) எண்டு ஒரு நம்பர் வந்தா அதை வச்சு ஒண்டும் சொல்லேலாது. கூடியிருக்கோ இல்லையோ எண்டு சொல்ல அதே இடத்துப் பழைய சேறு வேணும். நல்லகாலம், அது அங்கயே அடியில கிடக்கு, வருசா வருசம் படிஞ்சு படிஞ்சு பழசு கீழயும் புதுசு மேலயுமா. அதைக் குழப்பாம எடுக்கிறதுதான் பெரிய வேலை.

இடம் பாக்கிறது

பைப் வாங்க முதல் இடத்தை விசாரியுங்கோ. வன்னியில சேத்துக்க பைப் அடிக்கப் போறம், கண்ணிவெடி அகற்றி முடிஞ்ச இடமோ எண்டு கிராம சேவகரிட்டயும் அங்க தொழில் செய்யிற கடற்றொழிலாளர் சங்கத்து ஆக்களிட்டயும் கேக்காம காலை வைக்கவே வேண்டாம், இதில விட்டுக்குடுப்பு இல்லை. நந்திக்கடல், நாயாறு எண்டா வனசீவராசிகள் திணைக்கள அனுமதியும் எடுக்கோணும்.

பிறகு, தண்ணி அமைதியா நிக்கிற, மென்மையான களிச்சேறு உள்ள இடமா பாருங்கோ. முகத்துவாரத்துக்குக் கிட்ட மணல் வந்து போகும், வலை இழுக்கிற இடத்தில மேல்படை கலங்கிப்போயிருக்கும், ரெண்டும் சரிவராது.

பைப் இறக்கிறது

2 அல்லது 3 இஞ்சி பிவிசி பைப், ஒரு மீற்றர் நீளம், கீழ் விளிம்பை அரத்தால சரிவா ராவி விடுங்கோ. மெதுவா, நேரா அமத்தோணும், சுத்தியலால அடிச்சா படைகள் நசிஞ்சுபோகும். இறங்கினாப்பிறகு பைப்புக்கு உள்ளயும் வெளியயும் சேத்து மட்டத்தை அளந்து எழுதுங்கோ, உள்மட்டம் பதிஞ்சிருந்தா சேறு அமுங்கியிருக்கு, பிறகு ஆழத்தைத் திருத்த இந்தக் கணக்கு வேணும். மிச்ச இடத்துக்குத் தண்ணி நிரப்பி மேல மூடியை இறுக்கிப்போட்டு இழுத்தா சேறு வழுக்காம வரும், தண்ணியை விட்டு வெளியில வரமுதல் கையைக் குடுத்து கீழ்வாயையும் மூடிப்போடுங்கோ. கடைசிவரை நிமித்தித்தான் வச்சிருக்கோணும்.

வெட்டுறது

கீழயிருந்து ஒரு கட்டையால தள்ளி, மேல வர வர பிளாஸ்டிக் கத்தியால வெட்டுங்கோ, இரும்புக் கத்தி தொடக்கூடாது. பைப் சுவரோட உரசின ஓரத்தை சுரண்டி எறியுங்கோ.

எவ்வளவு தடிப்பு எண்டதுதான் எங்கட பக்கத்தில முக்கியம். வருசத்துக்கு 3 மில்லிமீற்றர் படியுது எண்டு வச்சுக்கொள்ளுங்கோ, 2004 சுனாமிக்கும் 2009 போர் முடிவுக்கும் இடையில வெறும் ஒண்டரை சென்டிமீற்றர். 2 சென்டிமீற்றர் துண்டா வெட்டினா ரெண்டும் ஒரே பைக்குள்ள போயிடும். அதால மேல் 10 சென்டிமீற்றரை அரை அரை சென்டிமீற்றரா வெட்டுங்கோ, கீழ 2 போதும். களிக்கு நடுவில ஒரு மணல்படை தெரிஞ்சா படம் எடுத்து ஆழத்தை எழுதுங்கோ, அது சுனாமி கொண்டுவந்த மணலா இருக்கலாம், புயல் மணலாயும் இருக்கலாம், வயசு பாத்துத்தான் முடிவு. நண்டு, புழு துளைச்சிருந்தா அதையும் எழுதுங்கோ, அதுகள் மேலயும் கீழயும் கலந்துவிடும்.

லாப் வேலை

பாதரசமும் பாக்கிறதெண்டா 40 பாகைக்கு மேல காயவைக்காதேங்கோ, ஆவியாப் போயிடும். 63 மைக்ரோன் நைலோன் அரிப்பால அரியுங்கோ, உலோகம் கூடுதலா ஒட்டிறது நுண்களியிலதான். அமிலத்தில கரைக்கிறதைப் பழகின ஆளோட லாப்ல மட்டும் செய்யுங்கோ. ஒவ்வொரு தொகுதியோடயும் வெறும் அமிலம் ஒண்டும் அளவு தெரிஞ்ச நியமச் சேறு ஒண்டும் போகோணும், இல்லாட்டி வாற நம்பரை நம்பேலாது.

சேத்தின்ர வயசுக்கு ஈயம்-210 (தானா சிதைஞ்சு குறையிற கதிர்வீச்சு ஈயம்) பாக்கிறது, அதின்ர அரைவாழ்வு, எண்டா அது பாதியாக் குறையிற காலம், கிட்டத்தட்ட 22 வருசம், அதால நூறு வருசம், கொஞ்சம் கூடவும் பின்னுக்குப் போகலாம். சீசியம்-137 (அணுகுண்டுப் பரிசோதனையால பரவின கதிர்வீச்சுப் பொருள்) இருந்தா அது 1963ல ஆகக் கூடுதலா விழுந்த உச்சம் தெரியும், ஆனா எங்கட மாதிரி வெப்பவலயத்தில அது மெல்லிசாத்தான் வரும்.

கணக்கு

உதாரணத்துக்கு, அடியில ஈயம் 15 பிபிஎம், அலுமினியம் 5 வீதம். மேல ஈயம் 30, அலுமினியம் 10 வீதம். ஈயம் ரெட்டிப்பாகீட்டுது எண்டு பதறவேண்டாம், அலுமினியம் களி எவ்வளவு எண்டதைக் காட்டும், அப்ப களியும் ரெட்டிப்பாயிட்டுது, அலுமினியத்தால பிரிச்சா ரெண்டும் ஒண்டுதான். இரும்பால பிரிக்கிற ஆக்களும் இருக்கினம், ஆனா கொக்கிளாய், புல்மோட்டைப் பக்கம் இல்மனைட் மணல் கிடக்கு, அதில இரும்பும் டைட்டேனியமும்தான், அங்க அலுமினியமே நல்லது. மேல்படையில மங்கனீசு கூடினா அழுக்கெண்டு எழுதிப்போடாதேங்கோ, ஒட்சிசன் இல்லாத கீழ்ச்சேத்தில கரைஞ்சு தானா மேல ஏறிற சாமான் அது.

அப்பிடிப் பிரிச்சும் ஈயம் கூடினா கூட என்ன ஏறியிருக்கு எண்டு பாருங்கோ. துப்பாக்கி ரவையில ஈயத்தோட அந்திமனி எண்ட உலோகமும் செப்பும் வரும், ரவைக் கோதில செப்பும் நாகமும் (துத்தநாகம்). படகுப் பெயின்றில செப்பு. பெற்றோல் ஈயம் இலங்கையில 2002ல நிண்டது, அதுக்கு முந்தியும் பொருளாதாரத் தடைக்காலத்தில வன்னி வாகனங்கள் கனக்க மண்ணெண்ணையிலதான் ஓடினது, அதால கொழும்புச் சேத்துக் கதையை இங்க அப்பிடியே பொருத்தேலாது. ஒரு குழாயோட எழுதி முடிக்காம, கொஞ்சம் தள்ளி இன்னும் ரெண்டு எடுத்து அதே ஆழத்தில அதே ஏத்தம் வருதோ எண்டு பாருங்கோ, மிச்சச் சேத்தை லேபிள் ஒட்டி ஃபிரீசர்ல வையுங்கோ, மீன், நண்டு சாப்பிடலாமோ எண்டு கேக்கிற சனத்துக்கு சேத்து நம்பரைக் காட்டி பதில் சொல்லாதேங்கோ, அதுக்கு மீன் சதையையே தனியா அளக்கோணும்.