எல்லைக் கடை மாட்டிறைச்சியில் ரஷ்ய ஸ்ட்ரோகனாஃப்: பால் திரியாமல், கறி விறைக்காமல்

தமிழ்நாடு-கேரள எல்லையில், களியக்காவிளை, பாறசாலைப் பக்கம் மாட்டிறைச்சி வாங்கினால் கை தானாகப் போகும் வழி ஒன்றுதான். எலும்போடு சின்னத் துண்டுகள், மல்லி, மிளகு, தேங்காய்க்கொத்து, குக்கரில் வேக்காடு, பிறகு வாணலியில் கறுக்கும்வரை வறட்டல். ஸ்ட்ரோகனாஃப் என்பது மாட்டிறைச்சிக் கீற்றுகளைச் சட்டென்று வறுத்துப் பாலேட்டுக் குழம்பில் சேர்க்கும் ரஷ்ய உணவு. அதற்கு இந்தப் பழக்கம் எதுவும் உதவாது. இதில் இறைச்சி அடுப்பில் கிடப்பது எல்லாம் சேர்த்து நான்கு நிமிடம் இருந்தால் அதிகம். மசாலா என்று பார்த்தால் கடுகும் மிளகும்தான். குழம்பின் உடம்பு புளித்த பாலேடு.

ஆனால் இரண்டு விஷயத்தில் நம் கை ஏற்கெனவே பழகியிருக்கிறது. ஒன்று, தேங்காயின் தலைப்பால் ஊற்றியபின் கொதிக்க விடக்கூடாது என்பது. பாலேட்டுக்கும் அதே சட்டம்தான். இன்னொன்று கடுகு. ரஷ்யச் சமையல் எழுத்தாளர் யெலேனா மொலோகோவெத்ஸின் புத்தகத்தின் 1871-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் இந்த உணவின் முதல் அச்சுக் குறிப்பு கிடைக்கிறது. அங்கே இதன் பெயரே 'கடுகுடன் ஸ்ட்ரோகனோவ் முறை மாட்டிறைச்சி'. அதில் கேட்கப்படும் சரெப்தா கடுகு, இன்று ரஷ்யாவின் வோல்கோகிராத் நகருக்குள் இருக்கும் சரெப்தா என்ற பழைய ஜெர்மானியக் குடியிருப்பின் பெயரைத் தாங்கியது. செடி என்னவோ பிராசிக்கா ஜுன்சியா, நம் அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் அதே இனம்தான். ஆக, இறக்குமதிப் பாட்டில் கடுகு தேடி திருவனந்தபுரம் வரை போக வேண்டியதில்லை.

அந்தப் பழைய குறிப்பில் காளான் கிடையாது. இறைச்சியும் சின்னச் சதுரத் துண்டுகள்தான். வெங்காயமும் தக்காளிச் சாறும், பக்கத்தில் நார்போல் பொரித்த உருளைக்கிழங்குமாக 1912-ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்று உண்டு. காளான் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. இங்கே சொல்வது எல்லோருக்கும் தெரிந்த வடிவம், காளானோடு, நீளத் துண்டாக.

கடையில் கேட்க வேண்டியது

எல்லையின் இரு பக்கமும் 'பீஃப்' என்று கிடைப்பது பெரும்பாலும் போத்து (எருமை) இறைச்சி, இல்லையென்றால் வயதான காளை. நிறம் கறுப்புச் சிவப்பு, சதைக்குள் கொழுப்பு குறைவு, நார் தடிமன். மேலைநாட்டுக் குறிப்புகளில் சொல்லும் இறைச்சியோடு இதை ஒன்றாக நினைத்துச் செய்தால் செருப்புத் தோல்தான் மிஞ்சும்.

வாங்க வேண்டிய பாகம் முதுகெலும்புக்கு உள்பக்கம் நீளமாகக் கிடக்கும் மெல்லிய சதை. கடைக்காரர்கள் இதை அண்டர்கட் என்பார்கள். விலை கூடுதல், காலையிலேயே ஹோட்டல்காரர்கள் வாங்கிப் போய்விடுவார்கள், அதனால் முந்தின நாளே சொல்லி வைப்பது நல்லது. "அண்ணே, அண்டர்கட் முழுசா ஒரே துண்டாத் தாங்க, நறுக்காண்டாம்" என்று அழுத்திச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் கத்தி பழக்கத்தில் கறித்துண்டு போட்டுவிடும். அந்தத் துண்டிலிருந்து நீளவாக்கு நறுக்கு எடுக்க முடியாது. கூடவே சாறு எடுக்க அரைக் கிலோ எல்லும் (எலும்பு) வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்று காலை அறுத்த இறைச்சியை அன்று மதியமே சமைக்க வேண்டாம். அறுத்த சில மணி நேரத்தில் தசை விறைத்து இறுகும், அது தளர ஒரு நாளாவது பிடிக்கும். குழம்புக்கு இது பெரிய விஷயமில்லை, குக்கர் பார்த்துக்கொள்ளும். நான்கு நிமிடச் சமையலில் அந்த விறைப்பு அப்படியே பல்லில் தெரியும். துடைத்து, மூடிய பாத்திரத்தில் ஃபிரிட்ஜின் அடித்தட்டில் ஓர் இரவு, முடிந்தால் இரண்டு இரவு வையுங்கள். கழுவி ஈரத்தோடு வைக்காதீர்கள்.

நான்கு பேருக்கு அளவு

அண்டர்கட் 600 கிராம், சவ்வு நீக்கியபின். பெரிய வெங்காயம் 200 கிராம். மொட்டுக் காளான் 200 கிராம், அதாவது ஒரு பாக்கெட். வெண்ணெய் 40 கிராம், மணமில்லாத எண்ணெய் 2 மேசைக்கரண்டி. தேங்காய் எண்ணெய் வேண்டாம், அதன் வாசனை பாலேட்டை அமுக்கிவிடும். மைதா 1 மேசைக்கரண்டி, எல்லுச்சாறு 250 மி.லி., தக்காளி விழுது 1 மேசைக்கரண்டி, அரைத்த கடுகு 2 தேக்கரண்டி, புளித்த பாலேடு 200 கிராம். உப்பு மட்டமாக 1 தேக்கரண்டி இறைச்சிக்கு, மீதி ருசி பார்த்து. புதிதாகப் பொடித்த மிளகு 1 தேக்கரண்டி. வீட்டு முற்றத்தில் சர்வசுகந்தி (ஆல்ஸ்பைஸ்) மரம் நின்றால் அதன் உலர்ந்த காய் நான்கைப் பொடித்துச் சேர்க்கலாம். 1871 குறிப்பு இறைச்சியில் தடவச் சொல்வது உப்பும் சர்வசுகந்தியும்தான். அந்த மரத்தின் இலை, பிரியாணியோடு நிற்கட்டும். சர்வசுகந்திக்குப் பதில் கரம் மசாலா என்று நினைத்தால் வேறு உணவுக்குப் போய்விடுவீர்கள்.

முந்தின நாள் வேலை: பாலேடு, கடுகு, சாறு

ரஷ்யர்கள் ஸ்மெத்தானா என்று சொல்வது புளிக்க வைத்த கெட்டிப் பாலேடு. இங்கே கடையில் தேடி அலைவதைவிட வீட்டில் உறைய வைப்பது லேசு. 25 சதவீதக் கொழுப்புள்ள பாக்கெட் ஃபிரெஷ் கிரீம் 200 மி.லி. எடுத்து, விரல் வைத்தால் இளஞ்சூடு தெரியும் அளவுக்கு வெதுவெதுப்பாக்குங்கள். துணியில் கட்டித் தண்ணீர் வடித்த தயிர் 1 மேசைக்கரண்டி கலந்து கண்ணாடிப் பாத்திரத்தில் மூடி வையுங்கள். நம் ஊர் வெக்கையில் ஆறிலிருந்து எட்டு மணி நேரம் போதும், மழை நாளில் இரண்டு மணி நேரம் கூடும். புளிப்பு ஏறியதும் ஃபிரிட்ஜில் வைத்தால் இன்னும் கெட்டியாகும். புளிப்பு லேசாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். அதிகம் புளித்தது சூட்டில் சீக்கிரம் திரியும்.

வெறும் தயிர் ஏன் கூடாது? தயிரில் கொழுப்பு மிகக் குறைவு, புரதம் அதிகம். புளிப்பும் சூடும் சேரும்போது புரதம் சுருண்டு பருக்கையாகிவிடும். கொழுப்பு கூடினால் அது புரதத்துக்கு இடையில் நின்று சுருளவிடாமல் தடுக்கும், குழம்பிலுள்ள மைதாவும் கைகொடுக்கும். தயிர் மட்டும்தான் இருக்கிறது என்றால் நன்றாக வடித்து, 200 கிராமுக்கு 1 தேக்கரண்டி மைதா அடித்துக் கலந்து, அடுப்பை அணைத்தபின் சேர்க்கலாம். சாப்பிடலாம் என்ற அளவில் இருக்கும், அவ்வளவுதான்.

கடுகு 2 மேசைக்கரண்டியை மிக்சியில் உலர்வாகப் பொடித்து, 3 மேசைக்கரண்டி பச்சைத் தண்ணீரில் குழைத்து 10 நிமிடம் வையுங்கள். கடுகின் காரம் பொடியில் இல்லை. தண்ணீர் பட்டதும் உள்ளேயிருக்கும் நொதி வேலை செய்துதான் காரம் பிறக்கிறது. வெந்நீர் ஊற்றினால் நொதி செத்துப்போகும், கசப்பு மட்டும் நிற்கும். பத்து நிமிடம் கழித்து 1 மேசைக்கரண்டி வினிகர், கால் தேக்கரண்டி உப்பு, அரைத் தேக்கரண்டி சர்க்கரை. அப்போதே நக்கிப் பார்த்துவிட்டுக் கசக்கிறது என்று கொட்டிவிடாதீர்கள், மறுநாள் கசப்பு தணிந்திருக்கும். தேவை 2 தேக்கரண்டிதான், மீதி ஃபிரிட்ஜில் இருக்கட்டும்.

வாங்கிய எலும்பை ஒரு லிட்டர் தண்ணீரில் குக்கரில் முக்கால் மணி நேரம் வைத்து வடிகட்டி, பாதியாக வற்ற வையுங்கள். மஞ்சள் போடாதீர்கள்.

நறுக்குவது

பாதி வெற்றி கத்தியில் இருக்கிறது. அண்டர்கட்டின் மேல் வெள்ளி நிறத்தில் ஒரு சவ்வு படர்ந்திருக்கும். எவ்வளவு சமைத்தாலும் அது கரையாது, சூடு பட்டதும் சுருங்கித் துண்டை வளைத்துவிடும். கத்தி முனையை அடியில் செலுத்தி உரித்து எடுங்கள். பிறகு இறைச்சியை ஃபிரீசரில் 45 நிமிடம் வைத்தால் வெளிப்புறம் இறுகி, கத்திக்கு நழுவாமல் நிற்கும்.

நார் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பாருங்கள். அதற்குக் குறுக்காக 1 செ.மீ. தடிமனில் வட்டங்கள் போட்டு, ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் லேசாகத் தட்டி, விரலளவு நீளத்தில் கீற்றுகளாக்குங்கள். நீளமான நாரை நீங்கள் இப்போது வெட்டாவிட்டால் சாப்பிடுகிறவர் பல்லால் வெட்ட வேண்டியிருக்கும். 1 செ.மீ.-க்கு மெலிதாகப் போகாதீர்கள், மேலே நிறம் வருவதற்குள் உள்ளே காய்ந்துவிடும்.

உப்பும் மிளகில் பாதியும் பிசிறி இரண்டு மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். அடுப்பில் போடும் முன் துணியால் ஒற்றி ஈரத்தை முழுதும் எடுத்துவிடுங்கள்.

அடுப்பில்

கனமான இரும்புச் சட்டி வேண்டும். நான்ஸ்டிக்கில் அடியில் எதுவும் ஒட்டாது, ஒட்டுவதுதான் இங்கே குழம்பின் நிறமும் ருசியும்.

முதலில் காளான். அரை செ.மீ. கனத்தில் நறுக்கி, எண்ணெய் இல்லாமல் வெறும் சட்டியில் நல்ல தீயில் போடுங்கள். தண்ணீர் விடும், அது வற்றும், பிறகு 10 கிராம் வெண்ணெய் போட்டு ஓரம் பொன்னிறமாகும்வரை வதக்கி எடுத்து வையுங்கள். ஏழெட்டு நிமிடம் ஆகும். இந்தத் தண்ணீரை இங்கேயே போக்காவிட்டால் அது கடைசியில் பாலேட்டில்தான் இறங்கும்.

அடுத்தது இறைச்சி. சட்டியில் புகை எழத் தொடங்கியதும் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு 150 கிராம் அளவு மட்டும் போடுங்கள், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல். வீட்டு கேஸ் அடுப்பின் தீ அவ்வளவுதான் தாங்கும். மொத்தமும் கொட்டினால் சூடு இறங்கிச் சாறு வெளியேறி, இறைச்சி தன் தண்ணீரிலேயே சாம்பல் நிறத்தில் அவியும். பிறகு அதை மீட்க வழியில்லை. போட்டதும் 40 விநாடி கிளறாமல் விடுங்கள், புரட்டி இன்னொரு 30 விநாடி, எடுத்துவிடுங்கள். உள்ளே கொஞ்சம் சிவப்பு இருக்கும், இருக்கட்டும், குழம்பில் மீதி வேகும். இப்படி நான்கு முறை. தட்டில் வடியும் சாற்றைக் கொட்டிவிடாதீர்கள்.

தீயைக் குறைத்து மீதி வெண்ணெய், மெலிதாக நறுக்கிய வெங்காயம், ஒரு சிட்டிகை உப்பு. வெங்காயம் விடும் ஈரத்தில் சட்டியின் அடியில் பிடித்ததெல்லாம் இளகும், சுரண்டிச் சேருங்கள். பத்து நிமிடம், தேன் நிறம் வரை. பிரியாணிக்குப் பொரிக்கும் நிறம் வரை போனால் கசப்பு தட்டும். மைதாவைத் தூவி ஒரு நிமிடம் வதக்குங்கள், பச்சை வாடை போகும், ஆனால் சிவக்கக் கூடாது. மைதா இல்லையென்று சோளமாவு கரைத்து ஊற்றினால் குழம்பு வழுவழுப்பாகிவிடும். தக்காளி விழுது ஒரு நிமிடம். பிறகு எல்லுச்சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கட்டியில்லாமல் கலக்கி, ஐந்து நிமிடம் கொதிக்க விடுங்கள். கொதிக்க வேண்டியது எல்லாம் இப்போதே கொதித்துவிட வேண்டும். கரண்டியின் பின்புறம் படிந்து, விரலால் கோடு இழுத்தால் கோடு நிற்க வேண்டும்.

இனி தலைப்பால் நேரம். தீயை மிகக் குறைத்து ஒரு நிமிடம் காத்திருங்கள். பாலேடு ஃபிரிட்ஜிலிருந்து அரை மணி நேரம் முன்பே வெளியே வந்திருக்க வேண்டும். சூடான குழம்பில் இரண்டு கரண்டி எடுத்துப் பாலேட்டில் ஊற்றிக் கலக்கி, அந்தக் கலவையைச் சட்டியில் சேருங்கள். கடுகு விழுது, மீதி மிளகு, சர்வசுகந்திப் பொடி. கடுகு முன்னாலேயே கொதித்தால் காரம் ஆவியாகிவிடும், அதனால்தான் கடைசியில். இறைச்சி, தட்டுச் சாறு, காளான் எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம். ஓரத்தில் ஆவி எழலாம், குமிழ் வரக்கூடாது. அணைத்துவிடுங்கள்.

அப்படியும் திரிந்துவிட்டதா? உடனே இறக்கி, இறைச்சியையும் காளானையும் வடித்தெடுத்து, குழம்பைக் கொஞ்சம் ஆறவிட்டு, 2 மேசைக்கரண்டி குளிர்ந்த கிரீமோடு மிக்சியில் ஒரு சுற்று விடுங்கள். முகம் பார்க்கும்படி திரும்பி வரும்.

அண்டர்கட் கிடைக்காத நாளில்

தொடைச் சதைதான் கிடைத்தது என்றால் இரண்டு வழி. நறுக்கிய கீற்றில் பச்சைப் பப்பாளிக்காய் விழுது 600 கிராமுக்கு 1 தேக்கரண்டி தடவி அரை மணி நேரம், அதற்கு மேல் ஒரு நிமிடமும் வேண்டாம். மிஞ்சினால் மேற்புறம் மாவாகக் குழையும், உள்ளே நார் அப்படியே இருக்கும், இரண்டு குறையும் ஒன்றாக. வறுக்கும் முன் நன்றாகத் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் சட்டியில் கருகும்.

நம்பகமானது குக்கர்தான். 2 செ.மீ. கனக் கீற்றுகளை வறுத்து நிறம் கொடுத்து, எல்லுச்சாற்றில் ஒரு விசில் வந்தபின் சிறுதீயில் 20 நிமிடம். போத்துக்கு வயது கூடியிருந்தால் 30. அந்தச் சாற்றையே குழம்புக்குப் பயன்படுத்தலாம், மற்றபடி முறை ஒன்றுதான். ஸ்ட்ரோகனாஃபின் மென்மை வராது, இது வேறு வகை மென்மை. பொடிந்து நாராகப் பிரியும். ஆனால் பாதி வெந்த தொடைக்கறியை மென்றுகொண்டிருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

எதனோடு

ரஷ்யாவில் நார்போல் பொரித்த உருளைக்கிழங்கு, மசித்த உருளைக்கிழங்கு, பக்கத்தில் உப்பில் ஊறிய வெள்ளரிக்காய். அந்தப் புளிப்பு அவசியம், இத்தனை பாலேட்டுக்கு நடுவில் நாக்கு அதைத் தேடும். பிஞ்சு வெள்ளரியைக் கீறி உப்புத் தண்ணீரில் இரண்டு நாள் வெளியே வைத்தால் போதும். உருளைக்கு நிகராக இங்கே சரியாகப் பொருந்துவது மரச்சீனிக்கிழங்கு. மஞ்சளும் தேங்காயும் போடாமல் உப்பில் மட்டும் வேகவைத்து, வெண்ணெய் விட்டு மசித்தால் குழம்பை அழகாகப் பிடித்துக்கொள்ளும். குத்தரிசிச் சோற்றின் மணம் இதற்கு அதிகம், வெள்ளைப் பச்சரிசிச் சோறு நல்லது. பரோட்டாவின் எண்ணெயோடு பாலேடு சேர்ந்தால் நான்கு வாயில் திகட்டிவிடும்.

மிச்சமிருந்தால் ஃபிரிட்ஜில் இரண்டு நாள். சூடாக்கும்போது நேரடித் தீயில் வைக்காமல், கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்துக் கிளறுங்கள். ஃபிரீசரில் வைக்காதீர்கள், உருகும்போது பாலேடு தண்ணீரும் பருக்கையுமாகப் பிரிந்துவிடும்.