ஃபாஸ்ட் என்றால் எப்போதும் வேகமா?

"தி போட் வாஸ் மேட் ஃபாஸ்ட்." இந்த வரியை முதன்முதலில் தமிழாக்கியபோது "படகின் வேகம் கூட்டப்பட்டது" என்று எழுதிவிட்டேன். அடுத்த வரியில் எல்லோரும் சாவகாசமாகக் கரையில் இறங்கி நடக்கிறார்கள். அப்புறம்தான் உறைத்தது: படகை இழுத்துக் கட்டியிருக்கிறார்கள்!

ஃபாஸ்ட் என்ற சொல்லில் நாம் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். வேகம் அதற்குப் பிற்பாடு வந்து சேர்ந்த பொருள். பழைய ஆங்கிலத்தில் அதற்கு உறுதியான, அசையாத என்றுதான் அர்த்தம். சீட் பெல்ட்டை மாட்டச் சொல்லும் 'ஃபாசன்' அதே வேரில் பிறந்தது. ஃபாஸ்ட் அஸ்லீப் என்றால் படுத்ததும் தூங்கிவிட்டான் என்பதல்ல, அடித்துப்போட்டதுபோல் தூங்குகிறான். ஃபாஸ்ட் ஃப்ரெண்ட்ஸ் சட்டென்று ஒட்டிக்கொண்டவர்கள் அல்லர், இணைபிரியாதவர்கள். துணி லேபிளில் 'கலர் ஃபாஸ்ட்' என்று பார்த்ததும் சாயம் சீக்கிரம் போய்விடும் என்று பயப்படாதீர்கள். சாயம் நூலைக் கெட்டியாகப் பிடித்திருக்கிறது என்கிறார்கள்.

சரி, அசையாமல் நின்ற சொல் எப்படி ஓட ஆரம்பித்தது? உறுதியாக என்பது பலமாக, விடாமல் என்று விரிந்தது. பலமாக, விடாமல் ஓடுகிறவன் வேகமாகத்தானே ஓடுவான்? நாமும் 'கடும் பாறை' என்கிறோம், 'கடும் வேகம்' என்றும் சொல்கிறோம்.

ரத்தப் பரிசோதனைக்கு முன் சாப்பிடாமல் இருக்கச் சொல்லும் ஃபாஸ்டிங்கை வேறொரு சொல் என்று நினைப்பதும் தவறு. விதியை உறுதியாகப் பிடித்துக்கொள்வதுதான் உண்ணாமல் இருப்பதாக மாறியது. எனக்கு இதில் பிடித்த விஷயம், நம் 'நோன்பு' பக்கத்திலும் 'நோன்மை' நிற்கிறது. அதற்கு வலிமை, பொறுத்தல் என்று பொருள். பிரேக்ஃபாஸ்ட் என்பதும் அவசரச் சாப்பாடு அல்ல. இரவு முழுக்க இருந்த அந்த நோன்பை முறிப்பது.

'ஸ்லோலி' இருக்கிறதே என்று 'ஃபாஸ்ட்லி' போடுகிறவர்கள் நிறையப் பேர். வேண்டாம்; 'ரன் ஃபாஸ்ட்' போதும். கடிகாரம் ஐந்து நிமிடம் ஃபாஸ்ட் என்றால், அது ஐந்து நிமிடம் முன்னால் காட்டுகிறது, அவ்வளவுதான்.

ஜெர்மன் படிக்கிறவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். அங்கே 'ஃபாஸ்ட்' என்றால் 'ஏறக்குறைய'. அதுவும் இதே வேர்தான்.