முகம் சொன்னதை மீண்டும் எழுதாதீர்கள்: மீம் வாசகங்களில் நேரும் தவறுகள்

ஒரு முகபாவத்தைக் காட்டி, அதன் மேல் ஓரிரு வரி எழுதிச் சிரிக்க வைக்கும் ரியாக்‌ஷன் மீம் பார்வைக்கு எளியது. ஆனால் ஒரே டெம்ப்ளேட்டை எடுத்துப் பலர் எழுதும்போது சிலருடைய வாசகமே சிரிப்பை வரவழைக்கிறது. மற்றவர்களுக்கு நகைச்சுவை உணர்வு இல்லை என்று சொல்லிவிட முடியாது. படம் செய்யும் வேலை எது, எழுத்து செய்ய வேண்டிய வேலை எது என்பதை அவர்கள் பிரித்துப் பார்ப்பதில்லை என்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கிறது.

உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுவதைத் தொல்காப்பியம் மெய்ப்பாடு என்கிறது. நகை, அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (சினம்), உவகை என அது எட்டாக வகுக்கப்பட்டிருக்கிறது. ரியாக்‌ஷன் படம் என்பது அத்தகைய ஒரு மெய்ப்பாட்டை அதன் காட்சியிலிருந்து தனியே வெட்டி எடுத்த துண்டு. உணர்வு அதில் முழுமையாக இருக்கிறது, அந்த உணர்வு எதனால் விளைந்தது என்பது மட்டும் இல்லை. அந்தக் காரணத்தைத் தருவதுதான் வாசகத்தின் வேலை.

இதை மறப்பதிலிருந்துதான் மிகப் பரவலான தவறு பிறக்கிறது. வடிவேலு திகைத்து விழிக்கும் படத்தின் மேல் “நான் ஷாக் ஆயிட்டேன்” என்று எழுதினால், கண் ஏற்கெனவே படித்துவிட்டதை எழுத்து மறுபடியும் சொல்கிறது. அதே படத்தின் மேல் “லீவுன்னு நெனச்சு எட்டு மணிக்கு எந்திரிச்சா, தம்பி யூனிஃபார்ம்ல நிக்கிறான்” என்று எழுதிப் பாருங்கள். அதிர்ச்சி என்ற சொல்லே இல்லை. பள்ளி உண்டு என்பதையும், நேரமாகிவிட்டது என்பதையும் படிப்பவர் தாமே கண்டுபிடிக்கிறார். அப்படிக் கண்டுபிடிக்கும் அந்த நொடியில்தான் சிரிப்பு வருகிறது. எழுதி முடித்ததும் வாசகத்தைக் கையால் மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்ப்பது நல்ல பழக்கம். எதுவும் குறையவில்லை என்றால் அந்த வாசகம் தேவையில்லை.

பொதுப்படையாக எழுதுவது இதற்கு நெருங்கிய உறவுடைய தவறு. “பஸ் வராதப்போ” என்பது எல்லோருக்கும் நேர்வது என்றாலும் யாருடைய கண்முன்னும் ஒரு காட்சியாக எழுவதில்லை. “கை காட்டியும் நிக்காம போன பஸ், அடுத்த சிக்னல்ல நிக்குது” என்று எழுதும்போது ஓடலாமா வேண்டாமா என்ற தவிப்பு உடனே வந்துவிடுகிறது. எழுதுபவர் எவ்வளவு குறிப்பாகச் சொல்கிறாரோ அவ்வளவு அதிகம் பேர் அதில் தம்மைக் காண்கிறார்கள் என்பது முரணாகத் தோன்றினாலும் உண்மை.

சொற்களின் வரிசையிலும் கவனம் வேண்டும். தமிழ் வாக்கியத்தில் பொருளை முடித்து வைக்கும் வினை இறுதியில் வருவது நமக்குக் கிடைத்த பெரிய வசதி. தம்பி யூனிஃபார்மில் நிற்பதை முதலில் சொல்லிவிட்டு லீவென்று நினைத்ததைப் பிறகு சொன்னால் அந்த வசதி வீணாகிறது. ஆங்கில மீமின் சட்டகத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து “அந்தத் தருணம், நீங்கள் உணரும்போது” என்று தொடங்குவதும் அப்படியே. “எந்திரிச்சா”, “பார்த்தப்ப” என்று பேச்சுத் தமிழ் ஒரே விகுதியில் முடிக்கும் வேலைக்கு அங்கே நான்கு சொற்கள் செலவாகின்றன.

முகத்தின் நுண்மையைத் தவறாகப் படிப்பவர்களும் உண்டு. ஹங்கேரியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற மின் பொறியாளர் ஆண்ட்ராஸ் அராடோவின் படம் உலகெங்கும் ‘வலியை மறைக்கும் ஹெரால்டு’ என்ற பெயரில் பரவியதற்குக் காரணம், உதடு சிரிக்கும்போது கண்கள் வேறொன்றைச் சொல்வதுபோல் தோன்றுவதுதான். அந்தப் படத்தில் வெறும் மகிழ்ச்சிச் செய்தியை எழுதினால் கண்கள் சொல்வது வீணாகிறது.

வாசகமே சிரித்துவிடுவது இன்னொரு பெரிய தவறு. 2019 மே மாத இறுதியில் உலக அளவில் டிரெண்டான நேசமணி விவகாரத்தை நினைத்துப் பாருங்கள். ஃபேஸ்புக்கில் ஒரு பொறியியல் பக்கம் சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதன் பெயர் என்ன என்று கேட்டது. அதற்குப் பதிலளித்த தமிழர் ஒருவர், 2001இல் வந்த ‘ஃபிரெண்ட்ஸ்’ படத்தில் வடிவேலு ஏற்ற காண்டிராக்டர் நேசமணி பாத்திரத்தின் தலையில் சுத்தியல் விழுந்ததை நிஜச் செய்தி போலவே எழுதினார். நேசமணி இப்போது நலமா என்று கேள்வி வந்தது. அதன் பிறகு எழுதியவர்களும் அந்தக் கவலைத் தொனியை விடவில்லை. அவர்களில் முதலில் எழுதியவரே “செம காமெடி” என்று சேர்த்திருந்தால் அது அங்கேயே முடிந்திருக்கும். சிரிக்கும் எமோஜிகளும் ஆச்சரியக் குறிகளின் வரிசையும் செய்யும் கேடும் இதுவே. அந்தக் காட்சியின் வசனத்தைப் படத்தின் மேல் முழுமையாக எழுதுவதும் தேவையற்றது. பார்ப்பவர் மனத்தில் அது தானே ஒலிக்கும்.

எழுத்துருவைப் பொறுத்தவரை, தமிழில் மேலே இகரக் குறிகளும் கீழே உகரக் குறிகளும் வருவதால் வரிகளுக்கு இடையே சற்று அதிக இடம் விடுங்கள். வெள்ளை எழுத்துக்குக் கருப்பு விளிம்பு போதும்.

படத்தில் இருப்பவர் யார் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். நடிகர் ஒரு பாவத்தை நடித்துக் கொடுத்திருக்கிறார். வகுப்பில் அழுத பிள்ளையோ பேருந்தில் வாய் திறந்து உறங்கிய முதியவரோ அப்படி எதையும் கொடுக்கவில்லை. அவர்களுடைய நிறத்தையோ உடலையோ சுட்டும் வரி எவ்வளவு கூர்மையாக அமைந்தாலும், அதை அழித்துவிட்டு வேறு படத்தைத் தேடுங்கள்.