குழந்தையைப் பார்த்துக்க என்ன வயசு ஆள் வேணும்? நிறைய வீட்டில் நடக்கும் தவறுகள்

பிரசவ லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும் அம்மாக்கள், வடசென்னையில் ராயபுரமோ தண்டையார்பேட்டையோ கொருக்குப்பேட்டையோ, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடும்போது முதலில் கேட்பது சம்பளத்தை. அப்புறம்தான் "ஆளுக்கு என்ன வயசு?". அதற்கும் முன்னால் உங்கள் குழந்தைக்கு என்ன வயசு, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் விட்டுப் போகப்போகிறீர்கள் என்று கணக்குப் போடுங்கள். ஆறு மாசக் குழந்தையைக் காலை எட்டு மணியிலிருந்து ராத்திரி வரை பார்ப்பது வேறு, நாலு வயசுப் பிள்ளையைச் சாயங்காலம் ரெண்டு மணி நேரம் பார்ப்பது வேறு. ரெண்டுக்கும் ஒரே வயசு ஆள் ஒத்துவராது.

ரொம்பப் பெரிய தவறு, வீட்டில் இருக்கும் மூத்த பெண் பிள்ளையையே குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆளாக வைத்துவிடுவது. விடியுமுன்னே மீன் எடுக்க காசிமேட்டுக்குப் போக வேண்டிய அம்மாவுக்கும், எம்.சி. ரோடு துணிக்கடையில் ராத்திரி வரை நிற்கும் அம்மாவுக்கும் வேற வழி இல்லாமல் போவது எனக்குப் புரியுது, யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் ஏழாவது படிக்கும் பெண்ணை நம்பி ஒரு வயசுக் குழந்தையை விடும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒரு வயசில் குழந்தை ஒன்பது, பத்து கிலோ இருக்கும். அதை இடுப்பில் வைத்துக்கொண்டு, பழைய வீடுகளில் இருக்கும் அந்தக் குறுகலான செங்குத்துப் படியில் அவள் இறங்க வேண்டும். அதைவிட முக்கியம், குழந்தை கட்டிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டால் பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்கு முதலில் வருவது "அம்மா அடிப்பாங்க" என்ற பயம்தான். அழுகையை அடக்கி, தண்ணி தொட்டுத் துடைத்து, தூங்க வைத்துவிட்டு, சாயங்காலம் நீங்கள் வந்ததும் ஒன்றும் நடக்காத மாதிரி இருந்துவிடுவாள். தலையில் அடிபட்ட குழந்தை திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, எழுப்பினால் எழாமல் மயக்கமாகக் கிடந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக வேண்டும். அடிபட்டதையே மறைத்துவிட்டால் அந்த நேரம் போய்விடும். "என் பொண்ணு ரொம்பப் பொறுப்பு" என்று சொல்வதில் பொய் இல்லை. பொறுப்பு இருந்தாலும், பயந்த நேரத்தில் சரியாக முடிவெடுக்கிற பக்குவம் அந்த வயசுக்கு வந்திருக்காது.

அப்புறம் அவள் பள்ளிக்கூடம். ஆரம்பத்தில் திங்கட்கிழமை மட்டும் லீவு, அப்புறம் வாரத்தில் ரெண்டு நாள், கடைசியில் எட்டாவதோடு நிற்கிறாள். 6 முதல் 14 வயது வரை படிப்பு அவள் உரிமை என்று 2009-ல் சட்டமே வந்திருக்கு. ஸ்கூல் விட்டு வந்து தம்பியைக் கொஞ்ச நேரம் பெரியவர்கள் இருக்கும்போது விளையாட்டுக் காட்டுவது உதவி. அவளிடம் தம்பியை ஒப்படைத்துவிட்டு நாள் முழுக்கப் போய்விடுவது உதவி இல்லை, அவள் தலையில் பாரம் ஏற்றுவது.

ஊரிலிருந்து ஒரு சின்னப் பெண்ணைக் கூட்டி வந்து "வீட்டோட வச்சுக்கலாம், சாப்பாடு போட்டுப் படிக்க வைக்கலாம்" என்பது இன்னொரு தவறு. இதில் யோசிக்கவே இடமில்லை. 14 வயது நிறையாத பிள்ளையை வீட்டு வேலைக்கு வைக்கக் கூடாது என்று 2006-லேயே தடை வந்தது, 2016-ல் சட்டத்தைத் திருத்தி எல்லா வேலைக்கும் அந்தத் தடையை விரித்தார்கள். மீறினால் ஆறு மாசம் முதல் ரெண்டு வருஷம் வரை ஜெயில், அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். பக்கத்து வீட்டில் அப்படி ஒரு பிள்ளையைப் பார்த்தால் 1098-க்குச் சொல்லுங்கள், குழந்தைகளுக்கான இலவச உதவி எண் அது.

இணையத்தில் தேடினால் "அமெரிக்காவில் பதினொரு வயசிலேயே பேபி சிட்டிங் செய்கிறார்கள்" என்று வரும், அதைப் பார்த்து நம்மூரில் முடிவெடுப்பதும் தவறுதான். அங்கே செஞ்சிலுவைச் சங்கம் பதினொரு வயசிலிருந்து அதற்கென்று பயிற்சி கொடுப்பது உண்மை. நம்ம வீட்டில் விடுவது தினமும் பத்து மணி நேரம், பயிற்சி ஒன்றும் இல்லாமல். இங்கிலாந்தில் சட்டம் வயசு எதையும் சொல்லாவிட்டாலும், 16 நிறையாதவரிடம் குழந்தையை விட்டுப் போனால் பொறுப்பு பெற்றோருடையதே என்று வைத்திருக்கிறார்கள்.

என் கணக்கைச் சொல்கிறேன். 14-க்குக் கீழே யாரும் வேண்டாம். 15, 16 வயசுப் பக்கத்து வீட்டுப் பெண்ணோ பையனோ என்றால், மூணு வயசு தாண்டிய குழந்தை, ஒன்று ரெண்டு மணி நேரம், கூப்பிட்டால் வரும் தூரத்தில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும், அதுவும் பத்தாவது, பன்னிரண்டாவது பரீட்சை நேரத்தில் கேட்கவே கேட்காதீர்கள். கைக்குழந்தை என்றால் இருபதைத் தாண்டிய, ஏற்கெனவே குழந்தை வளர்த்த அல்லது அக்கா பிள்ளையைக் கூட இருந்து வளர்த்த ஆள்தான் வேண்டும்.

இதுவரை சொன்னது கீழ் வரம்பு. மேல் வரம்பு ஒன்று இருக்கு என்பதை நிறையப் பேர் யோசிப்பதே இல்லை. ஆயாவிடம், அதாவது வீட்டில் இருக்கும் பாட்டியிடம், விட்டால் கவலை இல்லை என்று நினைக்கிறோம். எழுபது வயசில் மூட்டு வலி, சுகர், கண்புரை எல்லாம் சேர்ந்து வரும், ஒன்றரை வயசுக் குழந்தை வாசலுக்கு ஓடினால் அவரால் பின்னால் ஓட முடியாது, சுகர் இறங்கி மயக்கம் வந்தால் குழந்தையும் தனியாக நிற்கும். இதை ஆயாவிடம் கேட்பது மரியாதைக் குறைவு என்று தள்ளிப்போடாதீர்கள். "ஆயா, குழந்தையைத் தூக்கிட்டு மாடிப்படி இறங்க முடியுதா, தலை சுத்துதா?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், பெரும்பாலும் அவங்களே உண்மையைச் சொல்வாங்க. பழைய பழக்கங்களையும் பேசிவிடுங்கள்: மூக்கில் எண்ணெய் விடக் கூடாது, அது நுரையீரலுக்குள் போகும். ஒரு வயசுக்குள் தேன் வேண்டாம். ஆறு மாசம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், வெயில் காலம் என்றாலும் தண்ணி தேவையில்லை. ஆயாவை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. குழந்தையின் அழுகை பசிக்கா வயிற்று வலிக்கா என்று அவங்களுக்குத் தெரிகிற மாதிரி வேறு யாருக்கும் தெரியாது. அவங்களோடு ஓடியாடும் வயசில் ஒருத்தர், சித்தியோ காலேஜ் முடித்த பேத்தியோ, கூட இருந்தால் அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

நம்ம பக்கத்துக்கே உரிய ஒரு தவறு, தண்ணி. தண்ணி லாரி வந்து ஹாரன் அடித்ததும் குடத்தைத் தூக்கிக்கொண்டு யார் இறங்குகிறார்கள்? குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அதே ஆள்தான். அவர் கீழே வரிசையில் நிற்கும் நேரத்தில் வீட்டில் குழந்தை தனியாக, பக்கத்திலேயே மூடாத பக்கெட்டும் டிரம்மும். தவழும் குழந்தைக்குப் பாதி பக்கெட் தண்ணி போதும், தலை கனம் என்பதால் குப்புற விழுந்தால் எழ முடியாது, கத்தவும் முடியாது, சத்தமே இல்லாமல் முடிந்துவிடும். ஆள் ஐம்பது வயசு அனுபவசாலியாகவே இருக்கட்டும், துணி துவைக்கவும் தண்ணி பிடிக்கவும் ரேஷன் வாங்கவும் அவரையே அனுப்பினால் அந்த அனுபவத்தால் குழந்தைக்கு ஒரு பயனும் இல்லை. குழந்தை முழித்திருக்கும் நேரத்தில் வேற வேலை சொல்லாதீர்கள். டிரம்முக்கு மூடி போடுங்கள், பாத்ரூம் கதவுக்கு வெளியே, உயரத்தில் தாழ்ப்பாள் வையுங்கள்.

வயசை மட்டும் கேட்டுவிட்டு ஆளைச் சோதிக்காமல் விடுவதும் நடக்கிறது. ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "குழந்தை வேர்க்கடலையை முழுங்கி மூச்சுத் திணறினா என்ன பண்ணுவீங்க?" பத்தில் எட்டுப் பேர் வாய்க்குள் விரலை விடுவேன் என்பார்கள். கண்ணுக்குத் தெரியாததை விரலால் தேடினால் அது இன்னும் உள்ளே போய் அடைக்கும். ஒரு வயசுக்குள் இருந்தால் கையில் குப்புறப் படுக்க வைத்து, தலை கீழே தாழ்ந்திருக்க, முதுகில் ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையால் ஐந்து தட்டு, வரவில்லையென்றால் திருப்பி நெஞ்சின் நடுவில் இரண்டு விரலால் ஐந்து அழுத்தம், திரும்பவும் முதலிலிருந்து. ஒரு வயசு தாண்டியிருந்தால் நெஞ்சுக்குப் பதில் வயிற்றின் மேல்பகுதியில் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து அழுத்த வேண்டும். நீங்களே ஒரு பொம்மையை வைத்துச் செய்து காட்டுங்கள், அவரையும் செய்யச் சொல்லுங்கள். 108-க்குப் போன் செய்து வீட்டு விலாசம் சொல்ல வருகிறதா என்றும் பாருங்கள். நம்ம தெருக்களில் பழைய எண், புதிய எண் என்று ரெண்டு இருக்கும், அதனால் பக்கத்தில் இருக்கும் கோயிலோ கடையோ சேர்த்து ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டிவிடுங்கள்.

பார்த்துக்கொள்பவர் வீட்டுக்கே குழந்தையைக் கொண்டு போய் விடுவதாக இருந்தால், அவருடைய வயசோடு அந்த வீட்டில் வேறு யார் யார் இருக்கிறார்கள், பகலில் யார் வந்து போகிறார்கள் என்றும் கேட்டே ஆக வேண்டும். சொல்லாமல் ஒரு நாள் மத்தியானம் போய்ப் பாருங்கள். நல்ல ஆள் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஆள் தேடும் அவசரத்தில் பால்வாடி மறந்துபோகும். ரெண்டு வயசு முடிந்த குழந்தையை அங்கன்வாடியில் சேர்க்கலாம், மத்தியானச் சாப்பாடும் கிடைக்கும், அதற்கப்புறம் சில மணி நேரத்துக்கு மட்டும் ஆள் தேடினால் போதும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும் என்று 2017-ல் மகப்பேறு சட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள், அம்மா ஒரு நாளைக்கு நாலு முறை போய்ப் பார்க்கவும் அதில் உரிமை உண்டு. உங்கள் கம்பெனியில் ஹெச்.ஆரிடம் எழுத்தில் கேளுங்கள், நாலைந்து அம்மாக்கள் சேர்ந்து கேட்டால் இன்னும் நல்லது.

ஒரு தடவை ஆள் அமைந்ததும் அப்படியே ரெண்டு வருஷம் ஓட்டிவிடுவதும் வேண்டாம். படுத்துக் கிடந்த குழந்தைக்குச் சரியாக இருந்த அறுபது வயசு அம்மா, அது நடக்க ஆரம்பித்ததும் திணறுவார். குழந்தை தவழும்போது ஒரு தடவை, நடக்கும்போது ஒரு தடவை, நாற்காலி மேல் ஏற ஆரம்பிக்கும்போது ஒரு தடவை அவரோடு உட்கார்ந்து பேசுங்கள், முடியவில்லை என்றால் நேரத்தைக் குறைத்து இன்னொருத்தரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.