டயரின் உள்விளிம்பைத் தடவிப் பாருங்கள்

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறி இறங்குவதுதான் என் பிழைப்பு. பழைய வேகன் ஆர், 13 இன்ச் சக்கரம். போன வருடம் முன் இடது டயர் 11,000 கிலோமீட்டரிலேயே போய்விட்டது. வெளியே பட்டன் (தரையில் படும் ரப்பர் வரிகள்) நன்றாகவே இருந்தது. ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்து, குனிந்து பார்த்தால் உள்விளிம்பில் கம்பி தெரிகிறது! அதற்குள் இரண்டு முறை வீல் அலைன்மென்ட் செய்திருந்தேன். இரண்டு முறையும் டோவை, அதாவது மேலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவை, மட்டும் சரிசெய்து அனுப்பிவிட்டார்கள். கேம்பரை, அதாவது சக்கரத்தின் சாய்வை, யாரும் பார்க்கவில்லை.

முன்னால் நின்று பார்க்கும்போது சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்திருந்தால் நெகட்டிவ் கேம்பர், வெளியே சாய்ந்தால் பாசிட்டிவ். லேசான நெகட்டிவ் நல்லதுதான். கொண்டை ஊசியில் திரும்பும்போது வண்டி வெளிப்பக்கம் சாயும், சக்கரமும் கூடவே சாயும். முன்பே கொஞ்சம் உள்ளே சாய்ந்திருந்தால் அந்த நேரத்தில் டயர் முழுசாகத் தரையில் படியும். அதுவே அதிகமானால் நேர் ரோட்டில் உள்விளிம்பு மட்டும் சுமை தாங்கும், பிரேக் பிடிப்பும் குறையும். ரேஸ் வண்டிக்கு 2, 3 டிகிரி வைப்பார்கள். அங்கே டயர் எத்தனை நாள் வரும் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. அதைப் பார்த்து நம் வண்டிக்கு வைக்காதீர்கள்.

வீட்டிலேயே பார்க்கலாம். காற்றைச் சரியாக அடித்து, சமதரையில் ஸ்டீயரிங் நேராக நிறுத்துங்கள். டயரில் படாதபடி மட்கார்டிலிருந்து தூக்குக் குண்டு நூலைத் தொங்கவிட்டு, நூலுக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளியை மேலே ஒன்று, கீழே ஒன்று அளக்க வேண்டும். மேலே அதிகம் இருந்தால் நெகட்டிவ். ரிம்மின் மேல் விளிம்பிலிருந்து கீழ் விளிம்பு வரை 36 சென்டிமீட்டர் இருந்தால், 6 மில்லிமீட்டர் வித்தியாசம் ஏறக்குறைய 1 டிகிரி.

என் வண்டியில் இடது −1°40′, வலது −0°20′. 60 நிமிடம் சேர்ந்தால் 1 டிகிரி. இரு பக்கத்துக்கும் அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தாலே வண்டி இழுக்கத் தொடங்கும், நெகட்டிவ் குறைந்த பக்கமாக. நம் ரோடு இடப்பக்கம் சரிவு, கையை விட்டால் வண்டி இடது பக்கம்தான் போக வேண்டும். என் வண்டி வலது பக்கம் போனது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

காரணம், பள்ளத்தில் விழுந்து வளைந்த ஸ்ட்ரட் (சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஷாக் அப்சார்பர் தூண்). இந்த வண்டியில் கம்பெனி அமைப்பில் கேம்பரைத் திருப்ப வழி கிடையாது. கேம்பர் போல்ட் (சாய்வை மாற்ற உதவும் தனி போல்ட்) போட்டு நிமிர்த்தலாம் என்றார் ஒருவர். வளைந்த ஸ்ட்ரட்டை அப்படி மறைக்கக் கூடாது. ஸ்ட்ரட்டையே மாற்றினேன். சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ், பால் ஜாயின்ட் இரண்டிலும் ஆட்டம் இருக்கிறதா என்று அதே சமயம் பார்த்துவிடுங்கள்.

அப்புறம்தான் டோ. கேம்பர் மாறினால் டோவும் நகரும், அதனால் கடைசியில்தான் அதை வைக்க வேண்டும். வேலைக்கு முன் அலைன்மென்ட் அளவுகளின் ஒரு பிரிண்ட், பின் ஒரு பிரிண்ட் கேட்டு வாங்குங்கள். 1,000 கிலோமீட்டர் ஓடியதும் பட்டனின் குறுக்கே உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பு, மறு திசையில் ரம்பம் போலக் கீறினால் டோ தப்பு. சொரசொரப்பே இல்லாமல் ஓரம் மட்டும் வழித்தெடுத்ததுபோல் இருந்தால் கேம்பர்.