தட்டம்மை வைரஸ் செல்லுக்குள்ள நுழையற வழியை படமா போட்டு படிக்கிறது எப்படி

மைக்ரோபயாலஜி, நர்சிங் படிக்கிறவங்க இதை வரி வரியா மனப்பாடம் பண்ணாதீங்க, ஒரு ஏ4 பேப்பர் எடுத்து படமா போடுங்க, வரிசை தானா மனசுல நின்னுடும்.

முதல்ல வைரஸ். ஒரு வட்டம் போட்டு அதுமேல ரெண்டு விதமா முள்ளு வரைங்க, ஒண்ணு எச் புரோட்டீன், இன்னொண்ணு எஃப். எச் போய் செல் மேல இருக்கற ரிசெப்டரைப் (வைரஸ் ஒட்டிக்கிற புரோட்டீன்) பிடிக்கும், பிடிச்ச உடனே எஃப் உருமாறி வைரஸ் சவ்வையும் செல் சவ்வையும் ஒண்ணாக்கிடும், வைரஸோட ஆர்என்ஏ (அதோட மரபணுப் பொருள்) உள்ள இறங்கிடும்.

அடுத்த அம்புக்குறியிலதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. மூக்கு வழியா வர்ற வைரஸ், அப்ப மூச்சுக்குழாய் உள்பக்க செல்லைத்தான் முதல்ல பிடிக்கும்னு போட்டுடறாங்க. அப்படி இல்லைங்க! காத்து படற பக்கத்துல அந்த செல்லுல வைரஸுக்கு ஏத்த ரிசெப்டர் கிடையாது. அதனால முதல் அம்பை மேக்ரோபேஜ், டென்ட்ரிடிக் செல் பக்கம் போடுங்க, அதாவது நம்மளக் காக்க நிக்கிற செல்லுங்க. அதுங்க மேல இருக்கறது ஸ்லாம், இன்னொரு பேரு சிடி150, 2000ல ஜப்பான்ல யானகி குழு கண்டுபிடிச்சது. அந்த செல்லுங்க வைரஸை நிணநீர் முடிச்சுக்கு தூக்கிட்டுப் போகும், அங்க இருக்கற மெமரி டி, பி செல்லுங்க மேலயும் ஸ்லாம் நிறைய, வைரஸ் அதையும் பிடிச்சு அழிக்குது. இதை சிவப்பு மையில எழுதுங்க, ஏன்னா பழைய கிருமிங்களை ஞாபகம் வச்சிருந்த செல்லே போயிடுது, தட்டம்மை இறங்கின பிறகும் மாசக்கணக்குல குழந்தைக்கு நிமோனியா, வயித்துப்போக்குன்னு மாத்தி மாத்தி வர்றதுக்கு இது பெரிய காரணம்.

இப்பதான் மூச்சுக்குழாய் செல். ஆனா அம்பு ரத்தம் இருக்கற அடிப்பக்கத்துல இருந்து வரணும், நெக்டின்-4 ரிசெப்டர் வைரஸுக்கு எட்டறது அந்தப் பக்கம்தான் (2011ல தெரிய வந்தது). உள்ள பெருகி, மேல் பக்கமா காத்துக்குள்ள வெளிய வருது, இருமினா அடுத்தவங்களுக்கு. தடுப்பூசி போடாத கூட்டத்துல ஒருத்தர்கிட்ட இருந்து 12ல இருந்து 18 பேர் வரைக்கும் பரவும்னு சொல்றது இதனாலதான்.

சிடி46ங்கற இன்னொரு ரிசெப்டரை ஓரமா தனிக் கட்டத்துல போடுங்க. 1993ல முதல்ல கண்டுபிடிச்சது இதைத்தான், ஆனா லேப்ல வளர்த்து பழக்கின எட்மன்ஸ்டன் வகை மாதிரி தடுப்பூசி வைரஸ்தான் இதைப் பயன்படுத்துது, ஊருக்குள்ள பரவற வைரஸ் பொதுவா இதைத் தொடறதில்ல. பழைய நோட்ஸ்ல இது மட்டும்தான் இருக்கும், பார்த்துக்கங்க.

கடைசியா எச் புரோட்டீன் மேல ஆன்டிபாடியை (வைரஸைத் தடுக்க நம்ம உடம்பு செய்யற புரோட்டீன்) வரைங்க. ஸ்லாம், நெக்டின்-4 ரெண்டையும் எச் கிட்டத்தட்ட ஒரே இடத்தாலதான் பிடிக்குது, ஆன்டிபாடிகிட்ட இருந்து தப்பிக்க அந்த இடத்தை மாத்திக்கிட்டா வைரஸால செல்லுக்குள்ளயே போக முடியாது, அதனாலதான் 1954ல எடுத்த வைரஸ்ல இருந்து வந்த தடுப்பூசி இன்னைக்கும் வேலை செய்யுது. நம்ம ஊர்ல எம்ஆர் (தட்டம்மை-ரூபெல்லா) ஊசி 9 மாசம் முடிஞ்சதும் ஒண்ணு, 16ல இருந்து 24 மாசத்துக்குள்ள இன்னொண்ணு, இதையும் படத்துக்குக் கீழ எழுதி வச்சுடுங்க, வைவால கட்டாயம் கேப்பாங்க.