நாளைய கிளாசிக் கார் வேண்டுமா? ஒரு காந்தத்தோடு போங்கள்

இன்று வாங்கி வைத்தால் பிற்காலத்தில் மதிப்புக் கூடும் கார் எது? என் கணிப்பில் முதலிடம் மாருதி ஜிப்சிக்கு. 1985இல் வந்த வண்டி. அடுத்து, 2009இல் விற்பனைக்கு வந்த டாடா நானோ. சிரிக்காதீர்கள்! பின்பக்க எஞ்சின், ஒரு லட்ச ரூபாய் கார் என்ற கனவு என்று அதற்கொரு கதை இருக்கிறது. சேகரிப்பவர்கள் கதையைத்தான் தேடுவார்கள்.

புதுச்சேரி, கடலூர் வண்டி என்றால் பெயின்ட் பளபளப்பில் மயங்காதீர்கள். உப்புக்காற்று அடியிலிருந்துதான் அரிக்கும். லிஃப்டில் ஏற்றச் சொல்லி சேசிஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தைப் பாருங்கள். அங்கே புதிதாகக் கறுப்புப் பூச்சு தெரிந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். கால்மிதியைத் தூக்கித் தரையைப் பாருங்கள். கதவின் அடி விளிம்பிலும் சக்கர வளைவிலும் சிறு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் துருவை மறைக்க பெயின்டுக்கு உள்ளே பட்டி (புட்டி) பூசியிருக்கலாம்.

வாங்கியபின் ஸ்டிக்கர், சக்கரம், ஸ்டீரியோ எதையும் மாற்ற வேண்டாம். பழைய பில்களையும் பத்திரப்படுத்துங்கள். ஆர்.சி. 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2021 விதிகளின்படி விண்டேஜ் பதிவுக்கு வண்டிக்கு 50 வயது ஆகியிருக்க வேண்டும். நானோவுக்கு அந்த வயது 2059இல்தான்!